எல்லாம் கியர்பாக்ஸின் குற்றம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று அறிவித்தார். "ஏளா உலகு, ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணு வாங்கப் போறேன். ஆடி பிறக்குமுன்ன வாசல்ல நிக்கணும்."

கேட்கவில்லை, அறிவித்தார். இந்த வீட்டில் இருபத்தாறு வருடமாக எல்லாமே அறிவிப்புதான். தோசை கருகிவிட்டது. கருகியதை நான் தின்றேன்.

போன கார்த்திகையில் சர்க்கரை முற்றி, அவருடைய இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலால் இனி கிளட்ச் மிதிக்க முடியாது. அன்றிலிருந்து பழைய கார் ஷெட்டில் உறை போர்த்திக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, கல்யாண வீட்டுக்கு ஆட்டோ, சாவு வீட்டுத் துட்டிக்கு ஆட்டோ. வீட்டில் லைசென்ஸ் உள்ளவள் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன் அம்பாசமுத்திரத்தில் அப்பாவின் காரை நான்தான் ஓட்டினேன். இங்கே வந்த முதல் வாரத்தில் இவருடைய காரை ஒரு நாள் எடுத்தேன். "கிளட்ச் உனக்கு வராது" என்று சாவியை வாங்கி வைத்தவர்தான். லைசென்ஸை மட்டும் நான் விடவில்லை. காலாவதியாகும்போதெல்லாம் வெயிலில் நின்று புதுப்பித்துக்கொண்டு வருவேன். "ஓட்டாத வண்டிக்கு லைசென்ஸ் வச்சிருக்கா எம் பொண்டாட்டி" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் கிடையாது. அதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் முழுக்க வகுப்பு. கையில் போன், மடியில் பூதக்கண்ணாடி. ஆட்டோமேட்டிக்கில் நான்கு வகையாம். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ஏ.எம்.டி. என்பது நம் பழைய கியர்பாக்ஸேதான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் உள்ளே ஒரு மோட்டார் செய்யும். விலை குறைவு, பெட்ரோல் குடிக்காது, ஆனால் கியர் மாறும்போது தலை முன்னால் போய் வரும். சி.வி.டி.யில் கியரே கிடையாது. இரண்டு சக்கரத்துக்கு நடுவே ஒரு பெல்ட் அகலத்தை மாற்றி மாற்றி ஓடும். வழுக்கிக்கொண்டு போகும், அழுத்தினால் கத்தும். மூன்றாவது டி.சி.டி. அதில் கிளட்ச் இரண்டு. ஒன்றாவது கியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை இன்னொன்று தயாராக வைத்திருக்கும். "ஒரு அடுப்புல சோறு வடிக்கும்போதே இன்னொண்ணுல குழம்பு கொதிக்கிற மாதிரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான்காவது டார்க் கன்வெர்ட்டர். அங்கே கிளட்சுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் கியரைச் சுழற்றும். பழைய முறை, உழைக்கும், பெட்ரோலை மட்டும் நன்றாகக் குடிக்கும்.

என் வாய் சும்மா இருக்குமா? "கிளட்ச் இல்லன்னா நானும் ஓட்டலாம்லா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆட்டோமேட்டிக்தான்ளா இன்னும் ஆபத்து. ரெண்டே பெடல். பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிப்பான். வண்டி பாயும். பாய்ஞ்ச பொறவும் பிரேக்குத்தான்னு இன்னும் போட்டு அமுக்குவான். செவுத்துல போயி நின்ன பொறவு நம்மகிட்ட என்ன சொல்லுவான் தெரியுமா?"

தெரியாமல் என்ன? இவர் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். மோதிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பதுதான் தொழில். சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை எனக்கு ரசம் மாதிரி, தினமும் உண்டு. "சார், பிரேக் பிடிக்கல சார்!" என்று அழுகிற குரலில் நடித்துக்காட்டினார். "எல்லாவனும் அதே பாட்டு. நான் போயி பிரேக்க அமுக்கிப் பாப்பேன். கல்லு மாதிரி இருக்கும்." இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது அவருடைய வலது காலில் செருப்பு இல்லை. தெருமுனையில் கிடந்தது, நான் போய் எடுத்து வந்தேன். "வார் லூசு" என்றார். போன மாதம் வாங்கிய செருப்பு.

ஜூன் 9, திங்கள்

பழைய கார் வாங்கி விற்கிற மைதீன் பிச்சை வந்தார். இவருடைய தொழில் காலத்துப் பழக்கம், மரியாதையான மனிதர். நான்கு வகையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார். இன்று ஏ.எம்.டி. இவர் ஓட்ட, மைதீன் பிச்சை பக்கத்தில், நான் பின்னால்.

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றது. நாங்களும் நின்றோம். பஸ் கிளம்பியது, எங்கள் வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், அதில் ஒரு பெண்பிள்ளை. அவள் அலறினாள். மைதீன் பிச்சை கைப்பிரேக்கை இழுத்துவிட்டார்.

"இதான் ஏ.எம்.டி. லட்சணம். ஏத்தத்துக்கு ஆகாது" என்றார் இவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. அது மெய்தான், ஏ.எம்.டி. ஏற்றத்தில் பின்வாங்கும் என்று போனிலேயே போட்டிருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது மைதீன் பிச்சை ஓட்டினார். அதே பாலம், அதே ஏற்றம், அதேபோல் நின்றோம். வண்டி உருளவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் ஆக்சிலேட்டரில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ராத்திரிக்குக் கோதுமை உப்புமா. உப்புக் கூடிவிட்டது என்றார். கூடவில்லை.

ஜூன் 12, வியாழன்

சி.வி.டி. பைபாஸில் ஓட்டினார். வண்டி கத்தியது பாருங்கள், பனைமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

"மிதிச்சாப் போவ மாட்டேங்கு. சத்தம் மட்டும் ஊரக் கூட்டுது."

"சார், பாதி மிதிச்சாப் போதும். நீங்க கடைசி வரைக்கும் மிதிக்கீங்க."

"நான் எங்கவே அமுக்குதேன்? லேசாத்தான வச்சிருக்கேன்."

நான் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கால் தெரியும். பூட்ஸ் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

அன்று முழுக்க மைதீன் பிச்சையின் கை கைப்பிரேக் மேலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இவர் தீர்ப்பு எழுதினார்: சி.வி.டி. ரப்பர் வண்டி, ஆண்பிள்ளை ஓட்டுகிற வண்டி இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அப்பளம் போட்டேன். மாடியில் காயவைத்துவிட்டு வந்து பார்த்தால், அவருடைய வலது காலில் பெருவிரலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம். வெந்நீர் வாளியில் வைத்திருக்கிறார்.

"சுட்டா எடுக்க மாட்டீங்களா?"

"சுடலயே."

மருந்து போட்டுக் கட்டினேன். அடுத்த வீட்டுச் சொர்ணம் அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போனாள். சொர்ணத்துக்குக் கண் அதிகம், வாய் குறைவு. எனக்கு அப்படியே நேரெதிர்.

ஜூன் 16, திங்கள்

டி.சி.டி. இன்று மானம் போயிற்று.

குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அரை கிலோமீட்டருக்கு வண்டி. கேட் திறந்ததும் எறும்பு ஊர்கிற மாதிரி நகர வேண்டும். இவர் நகர்ந்தார், நின்றார், நகர்ந்தார், பிறகு முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகில் டொம்மென்று இடித்தார். ஆட்டோக்காரர் இறங்கி வந்து பேசிய பேச்சை இந்த நோட்டில் எழுத முடியாது. வெள்ளை முடியைப் பார்த்து அடிக்காமல் விட்டார்.

"ரெண்டு கிளட்ச் இருக்குல்லா, ட்ராபிக்ல எத விட எதப் பிடிக்கன்னு அதுக்கே குழப்பம். சூடாயிரும். தானாப் பாயும்" என்று வழியெல்லாம் விளக்கினார். சூடாகும் என்பது சரி. தானாகப் பாயும் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை, நான் படித்தேன்.

வீட்டு வாசலில் மைதீன் பிச்சை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. வண்டி மூணும் நல்ல வண்டி."

"இன்னும் ஒரு வகை பாக்கலயே அண்ணாச்சி. அதையும் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தலைவலி. வெயில்.

ஜூன் 20, வெள்ளி

மகள் புனேயிலிருந்து பேசினாள். "அப்பா ஆசைப்படுதாங்க, விடும்மா." விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

டார்க் கன்வெர்ட்டர். விடியற்காலையில் ஈ காக்கை இல்லாத ரெட்டியார்பட்டிச் சாலையில் ஓட்டினார். நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று.

"பாத்தியாளா? எங்கிட்ட ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் அந்த மூணு கியர்பாக்ஸோட குத்தம். இதான் வண்டி" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

திரும்பும்போது மைதீன் பிச்சை ஓட்டினார். டீ குடிக்க நிறுத்தினோம். அவர் கடைக்காரரிடம் நான்கு வகை கியர்பாக்ஸையும் விளக்கிக்கொண்டிருந்தபோது மைதீன் பிச்சை சாவியை என் பக்கம் நீட்டினார். "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கக்கா" என்றார். பக்கத்திலிருந்த கல்யாண மண்டபத்துக் காலி இடத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போனேன். அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வலது காலால் ஒன்றை மிதித்தால் போகிறது, மற்றதை மிதித்தால் நிற்கிறது. இதற்கா இருபத்தாறு வருடம்?

பழைய காரைக் கொடுத்துவிட்டு இதை எடுப்பது என்று முடிவாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது.

ஜூன் 29, ஞாயிறு

கொப்புளத்துக்கு மருந்து மாற்றும்போது ஒரு எண்ணம் வந்தது. போன வருடம் டாக்டர் இடது காலில் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

"கண்ண மூடிக்கிடுங்க. எந்த வெரலத் தொடுதேன்னு சொல்லுங்க பாப்போம்."

"என்னளா வெளையாட்டு?" கண்ணை மூடிக்கொண்டார். வலது காலை நீட்டினார்.

காது குடைகிற பஞ்சுக் குச்சி என் கையில் இருந்தது. தொட்டேன்.

"ம், தொடு" என்றார்.

இன்னும் அழுத்தித் தொட்டேன். குச்சி வளைந்தது.

"ம்... பெருவிரல்" என்றார். நான் தொட்டது நடுவிரலை.

அதன் பிறகு குச்சியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "இப்ப?" என்றேன். "சுண்டுவிரல்" என்றார். "இப்ப?" "திரும்பவும் பெருவிரல்." அவர் பாதத்துக்கும் எனக்கும் நடுவே காற்றுதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் தெரியாத கேள்விக்கு எழுதுகிற பிள்ளை மாதிரி விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தார். "பாத்தியா? எல்லாம் தெரியுது."

கட்டுப் போட்டேன். புளிக்குழம்பை இறக்கப் போனேன்.

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன். காப்பி கொடுத்துவிட்டு, அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். "வலது காலையும் ஒருக்கா டாக்டர்ட்ட காட்டுவோம். அதுவரைக்கும் வண்டிய நான் ஓட்டுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க."

டம்ளரை மெதுவாக வைத்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை.

"இதுக்குத்தானளா நீ இத்தன வருசமாக் காத்துக் கெடந்த? எங்காலு எப்பப் போவும், சாவி எப்பக் கைக்கு வரும்னு?"

நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். இந்த மனிதருடைய காலைத் துடைத்து, சீழ் எடுத்து, கட்டுப் போட்டு, கக்கூஸுக்குத் தாங்கிக்கொண்டு போன கை இது. அதைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி இது. நெஞ்சு எரிகிறது. அதைவிட எரிவது, அந்தக் கல்யாண மண்டபத்து ஒரு ரவுண்டு ஞாபகத்துக்கு வந்து என் வாயை அடைத்ததுதான். ஆசைப்பட்டவள் சொன்னால் அறிவுரையும் ஆசையாகத்தான் கேட்கும்.

இனி நான் சொல்வதாக இல்லை. ஓட்டட்டும்.

ஜூலை 2, புதன்

மருந்து மாற்ற அவராகவே காலை நீட்டினார். மாற்றினேன்.

ஜூலை 4, வெள்ளி

விளக்கைப் போடாமல் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

மைதீன் பிச்சை காலையில் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, வேறொரு வேலை என்று போய்விட்டார். எங்கள் தெரு முட்டுச்சந்து. எங்கள் வீட்டுக்கு அடுத்து, தெருவை மறித்தாற்போல் சொர்ணம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். வண்டி அந்தச் சுவரைப் பார்த்து நின்றது. மாலை போட்டேன், சந்தனம் வைத்தேன், தேங்காய் உடைத்தேன். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஒரு முழம் முன்னால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சடங்கு.

"நான் எடுக்கட்டா?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். சூடத் தட்டு கையில் எரிந்துகொண்டிருந்தது.

"தள்ளி நில்லு" என்றார்.

நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. எஞ்சின் ஓங்காரம் போட்டது, மாலை பறந்தது, சுவர் விழுந்த சத்தத்தில் என் கையிலிருந்த தட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சொர்ணத்தின் துவைகல். தினமும் அந்த நேரத்துக்கு அவள் அங்கேதான் குனிந்து துவைத்துக்கொண்டிருப்பாள்.

"சொர்ணம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். துவைகல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வாளி நசுங்கிக் கிடந்தது. சொர்ணம் இல்லை. அடுப்பில் பால் பொங்கிற்று என்று உள்ளே போயிருக்கிறாள், மகராசி. அவள் வீட்டுப் பாலுக்கு நான் கோடி கும்பிடு போட வேண்டும்.

வண்டி சுவருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் உறுமியது, சக்கரம் சுற்றியது. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு, காலை இன்னும் அமுக்கிக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்து என் கையால் அவருடைய வலது காலைத் தூக்கி எடுத்தேன். கிடந்தது ஆக்சிலேட்டரில்.

முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிரேக் பிடிக்கல, உலகு."

சாப்பாட்டு மேசையில் நடித்துக்காட்டுகிற அதே குரல். இந்தத் தடவை நடிப்பு இல்லை.

அவரைத் தோளில் தாங்கி இறக்கி, சீட்டுப் பக்கம் கிடந்த ஊன்றுதடியைக் கையில் கொடுத்து நிறுத்தினேன். பிறகு ஓட்டுகிற இடத்தில் நான் உட்கார்ந்து கியரைப் பார்க்கிங் நிலைக்குத் தள்ளி எஞ்சினை அணைத்தேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. கூட்டம் பார்த்தது இதைத்தான்: ஸ்டியரிங்குக்கு முன்னால் நான், தடியூன்றி வெளியே அவர்.

"அய்யோ, என்னாச்சு? யாரு ஓட்டினா?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் திறந்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இவ பழகிப் பாக்கேன்னா. பதட்டத்துல மாத்தி மிதிச்சிட்டா."

தெரு முழுக்க "ச்சு" கொட்டியது. ஒரு கிழவர், "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. நான் அதிர்ச்சியில் இருப்பதாக நினைத்துச் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள்.

ராத்திரி, விளக்கணைத்த பிறகு அவர் பேசினார். "நான் ஓட்டுனேன்னா இன்சூரன்ஸ்காரன் காலப் பத்திக் கேப்பான். க்ளெய்ம் போயிரும். நான் வேல பாத்த எடத்துல எல்லாவனும் சிரிப்பான்ளா. உனக்கென்ன, உனக்கு லைசென்ஸ் இருக்குல்லா?"

ஆமாம், இருக்கிறது. இத்தனை வருடம் வெயிலில் நின்று நான் புதுப்பித்தது இதற்குத்தான் போல.

ஜூலை 7, திங்கள்

சர்வேயர் வந்தார். பெயர் நெல்லையப்பன், இவரிடம் தொழில் படித்தவர்தான். சுவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், குனிந்து பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு மேடம் ஓட்டினது?"

மூன்று நாளாக இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருந்தேன். ஒன்றைச் சொன்னால் இந்த மனிதர் தன் சீடப்பிள்ளை முன்னால் உடைந்துபோவார். ஆறு மாதத்தில் அதையும் ஆற்றிக்கொண்டு, "கால் சரியாயிட்டு" என்று மறுபடி சாவியை எடுப்பார். அடுத்த தடவை சொர்ணம் வீட்டில் பால் பொங்காது.

"நாந்தான் ஓட்டினேன்" என்றேன்.

"வருத்தப்படாதீங்க மேடம். ஆட்டோமேட்டிக்ல லேடீஸ் நெறய பேரு இப்பிடி மாத்தி மிதிக்கிறதுதான். பழகப் பழகச் சரியாயிரும்" என்றார், ரொம்ப ஆறுதலாக. இவரும் பக்கத்திலிருந்து தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"பழகத்தான் போறேன் தம்பி. இனிமே இந்த வண்டிய நான் மட்டுந்தான் ஓட்டுவேன். அதையும் குறிச்சுக்கிடுங்க" என்றேன். பிறகு இவர் பக்கம் திரும்பி, இவருடைய சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். நெல்லையப்பன் முன்னாலேயே. இவர் என் கையைப் பிடிக்க வந்தார், பிடிக்கவில்லை. பிடித்தால் ஏன் என்று சொல்ல வேண்டுமே.

சர்வேயருக்குக் காப்பி கொடுத்தேன். நல்ல காப்பி என்றார்.

ஜூலை 19, சனி

வண்டி சரியாகி வந்துவிட்டது. சொர்ணத்தின் சுவரும் எழும்பிவிட்டது, புது துவைகல்லும் போட்டுக் கொடுத்தாயிற்று. என் பேர்தான் எழும்பவில்லை. நான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தெருவில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே விட்டுக்கொள்கிறார்கள். "செவுத்துல விட்டவங்க வாராங்க" என்று ஒரு வாண்டு கத்துகிறது. கத்தட்டும்.

இன்று கால் டாக்டரிடம் போக வேண்டும். மாட்டேன் என்றார். வண்டியைக் கிளப்பி வாசலில் வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தேன். தெரு வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் வந்து ஏறினார். முன்னால் உட்காரவில்லை, பின்னால் உட்கார்ந்தார். சொர்ணம் ஓடிவந்தாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். கேட்காமலே கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"பயமா இல்லயா உனக்கு?" என்றேன்.

"எனக்கென்ன பயம்?" என்றாள்.

குலவணிகர்புரம் கேட் மூடிக் கிடந்தது. நிறுத்தினேன். பின்னால் அவருடைய போன் அடித்தது, யாரோ பழைய சிநேகிதர். "ஆமாவே, டார்க் கன்வெர்ட்டர்தான். நாலும் ஓட்டிப் பாத்துத்தான் எடுத்தேன். வீட்டுல பழகுதா. ஒருக்கா செவுத்துல வேற விட்டுட்டா. அதனாலதான் தனியா விடாம நானும் கூடவே வாரேன்" என்று சிரித்தார்.

சொர்ணம் என் பக்கம் குனிந்தாள். "அன்னைக்குப் பாலு இறக்கும்போது நான் ஜன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன், உலகு" என்றாள், அவருக்குக் கேட்காத குரலில்.

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"நீயே நாந்தான்னு சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல? சாவி உங்கிட்ட வந்துச்சுல்லா. நான் தெனமும் அந்தக் கல்லுலதான துவைக்கணும்."

ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். எனக்குக் கண் கலங்கிவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். போனை வைத்துவிட்டு அவர் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏளா, பிரேக்குலதான கால் இருக்கு? நல்லாப் பாத்துக்கோ" என்றார்.

"இருக்குங்க. எனக்குத் தெரியுது" என்றேன்.

கேட் திறந்தது. கண்ணாடியில் அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தது தெரிந்தது.